தோள் அளவுக்குத் தைத்த தலையணை

நடுவில் தாழ்ந்தும் இரண்டு ஓரங்களில் உயர்ந்தும் இருக்கும்படி, மூன்று அறைகளாகப் பிரித்துத் தைத்த இலவம் பஞ்சுத் தலையணை ஒன்று, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் தாண்டி இன்னும் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது. காலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும் தொல்லை எனக்கு ஏறத்தாழ நீங்கிவிட்டதால், அதைச் செய்த விதத்தை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். கழுத்து வலிக்கு எந்தத் தலையணை நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரே பதிலாகக் கிடைக்கிறது: இலவம் பஞ்சு, மெமரி ஃபோம், லேடெக்ஸ். என் அனுபவத்தில் பொருள் அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது. தலையின் பாரம் ஏறிய பிறகு அந்தத் தலையணை எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, அந்த உயரம் படுப்பவரின் தோளுக்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கடைத் தலையணையில் 17க்கு 27 அங்குலம் என்று நீள அகலம் எழுதியிருக்கும். பாரம் ஏறிய உயரத்தை எழுதிய தலையணையை நான் பார்த்ததில்லை.

நான் மதுரையில் மெய்ப்புப் பார்க்கும் வேலை, அதாவது அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை திருத்தும் வேலை, செய்கிறேன். பகல் முழுவதும் தலை தாளின் மேல் கவிழ்ந்தே இருக்கும். காலையில் எழும்போது கழுத்தின் வலப்புறம் இறுகி, தோள்பட்டைக்கு உள்ளே ஒரு குத்தல் இருக்கும். குளித்து முடிக்கும்வரை தலையை முழுதாகத் திருப்ப முடியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், வயதுக்குரிய தேய்மானம் சிறிது இருப்பதாகவும், நரம்பு அழுத்தம் எதுவும் தெரியவில்லை என்றும் சொல்லி, பிசியோதெரபிப் பயிற்சிகளை எழுதித் தந்தார். தலையணை மிக உயரமாகவும் வேண்டாம், மிகத் தட்டையாகவும் வேண்டாம் என்றார். கை மரத்துப்போதல், பிடி தளர்தல், மின்சாரம் பாய்வதைப் போல விரல்வரை வலி ஓடுதல் ஆகியவை இருப்பவர்கள் தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கீழே எழுதியிருப்பது, என்னைப் போல, இரவில் தலை இருக்கும் நிலையினால் மட்டும் கழுத்து இறுகுபவர்களுக்கானது.

அப்போது நான் பயன்படுத்தியவை வீட்டில் பல ஆண்டுகளாகக் கிடந்த பருத்திப் பஞ்சுத் தலையணைகள். பருத்தி நாள்பட்டால் கட்டியாகி இறுகிவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் தாழ்வாக இருந்தது, இரண்டை அடுக்கினால் மோவாய் நெஞ்சை நோக்கி மடங்கியது. தூக்கத்தில் என்னை அறியாமலே கையைத் தலைக்கு அடியில் கொடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. தலையணை போதாதபோது உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது என்பது பின்னால் புரிந்தது. கையின் பருமன்தான் அங்கே குறைந்த உயரம்.

அடுத்ததாக, அலைபோல் இரண்டு மேடுகள் கொண்ட மெமரி ஃபோம் தலையணை ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். உயரமான மேடு 10 செ.மீ., தாழ்ந்தது 8 செ.மீ. கடையில் அழுத்திப் பார்த்தபோது உறுதியாகத்தான் இருந்தது. வீட்டில் முதல் இரவு சுகமாக இருந்தது. விடியற்காலையில் பழைய குத்தல் திரும்பியது. இந்த ஃபோம் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைகளை மனத்தில் கொண்டு உருவாக்கியது. வெப்பம் பட்டால் இளகுவதும் குளிரில் இறுகுவதும் அதன் இயல்பு. குளிரூட்டிய கடையில் கைவிரல் உணர்ந்த உறுதியை, மதுரையின் மே மாதத்து அறையில், தலையின் சூடும் சேர்ந்த பிறகு எதிர்பார்க்க முடியாது. 10 செ.மீ. மேடு எங்கள் படுக்கையறையில் 6 செ.மீ.க்கு இறங்கியது, குளிர்சாதனம் போட்ட இரவில் 7.5 செ.மீ.யில் நின்றது. அதே தலையணைதான், உயரம் மட்டும் வேறு. மல்லாந்து மட்டுமே படுப்பவருக்கு, அறை வெப்பம் அதிகம் மாறாத வீட்டில், அது நல்ல தலையணையாகவே இருக்கும். என் அண்ணன் இன்று அதில்தான் படுக்கிறார், அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

இந்த இடத்தில்தான், அளக்காமல் இனி எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

அளப்பதற்கு ஒரு பாரம் வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடை இருக்கும். முதலில் 5 கிலோ அரிசிப் பையை அப்படியே தலையணையின் மேல் வைத்தேன். பை இடத்துக்கு ஏற்ப வழிந்து உருவம் மாறியதால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தது. பிறகு 18 செ.மீ. விட்டமும் 24 செ.மீ. உயரமும் உள்ள ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து, தூக்கும் அரிசியும் சேர்ந்து 5 கிலோ வரும்வரை சமையலறைத் தராசில் நிறுத்து நிரப்பினேன். தலையணையைத் தரையில் வைத்து, அதன் மேல் தூக்கை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, தரையிலிருந்து தூக்கின் விளிம்புவரை மர அளவுகோலால் நான்கு பக்கமும் அளந்து, சராசரி எடுத்து, அதிலிருந்து தூக்கின் சொந்த உயரமான 24ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பதுதான் பாரம் ஏறிய உயரம். பத்து நிமிடம் காத்திருப்பது அவசியம். ஃபோம், பஞ்சு இரண்டுமே வைத்தவுடன் காட்டும் அளவு வேறு, உட்கார்ந்த பிறகு காட்டும் அளவு வேறு. அடிப்பாகம் தட்டையான தூக்கு உருண்டையான தலைக்குச் சமமாகாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தலையணையை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

பழைய பருத்தித் தலையணை ஒன்று இந்தக் கணக்கில் 6.5 செ.மீ., இரண்டு சேர்ந்து 14 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. என் தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பது தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க உடம்பை அளக்க வேண்டியிருந்தது.

சுவரில் வலத்தோளை ஒட்டி நின்று, தலையை எந்தப் பக்கமும் சாய்க்காமல் நேரே பார்க்கச் சொல்லி, சுவருக்கும் காதுக்கு மேலுள்ள தலைப்பகுதிக்கும் இடையே உள்ள தூரத்தை என் மனைவி அளந்தார்: 15.5 செ.மீ. தரையில் ஒருக்களித்துப் படுத்தால் தலைக்கு அடியில் நிரப்ப வேண்டிய இடைவெளி இது. மெத்தையில் படுக்கும்போது தோள் அமிழ்வதால் இடைவெளி குறையும். எவ்வளவு குறையும் என்பது மெத்தையைப் பொறுத்தது. எங்களுடையது 4 அங்குலத் தேங்காய் நார் மெத்தை, அதன் மேல் மெல்லிய பஞ்சு விரிப்பு. மெத்தை மாறினால் தலையணையின் அளவும் மாற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மென்மையான மெத்தைக்கு மாறியவர் பழைய தலையணையைத் தொடர்ந்தால் தோள் ஆழமாக இறங்கி, அதுவரை சரியாக இருந்த தலையணை திடீரென்று உயரமாகிவிடும்.

மெத்தையின் அமிழ்வைக் கணக்குப் போடுவதற்குப் பதிலாக, துண்டுகளை அடுக்கி நேரடியாகவே கண்டுபிடித்தோம். டர்க்கித் துண்டுகளை ஒரே அகலத்தில் மடித்து அடுக்கினால் அவை அதிகம் அமுங்குவதில்லை. ஒவ்வொரு மடிப்பும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்தைக் குனியும்போது அடியில் புடைத்துத் தெரியும் எலும்பின் மேல் மனைவி ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். அங்கிருந்து முதுகுத்தண்டின் வழியே கீழ்நோக்கி, நடுமுதுகுவரை, விரல் வைத்து எலும்பைத் தடவிப் பார்த்து ஒவ்வொரு பொட்டாக ஒட்டினார். கழுத்தின் மேற்பகுதிக்கு இரண்டு. பின்னந்தலையில் முடியின் மேல் பொட்டு நிற்காததால் நடுவில் ஒரு சிறிய கிளிப். வியர்வையில் சாதாரணப் பொட்டு உதிர்ந்தது, வெல்வெட் பொட்டு நின்றது. நான் ஒருக்களித்துப் படுக்க, கட்டில் உயரத்துக்கு ஒரு முக்காலியை வைத்து அதில் கைப்பேசியைச் சாய்த்து அவர் படம் எடுத்தார். படத்தின் மேல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் பொட்டுகளின் வரிசை எங்கே வளைகிறது என்பது தெளிவாகத் தெரியும். தலையணை தாழ்வாக இருந்தால் கிளிப்பும் கழுத்துப் பொட்டுகளும் மெத்தையை நோக்கி இறங்குகின்றன. உயரமாக இருந்தால் கூரையை நோக்கி ஏறுகின்றன.

மெமரி ஃபோம் தலையணையில் எடுத்த படத்தில் அந்த வரிசை தோளுக்கு மேலே சட்டென்று கீழே முறிந்திருந்தது. வலி ஏன் வலப்புறம் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான் வலப்புறம் படுப்பவன். துண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், பொட்டுகள் நேர்க்கோட்டில் வந்த நிலையில் அடுக்கை எடுத்துத் தூக்கின் கீழ் அளந்தால் 12.3 செ.மீ. சுவரில் கிடைத்த 15.5 செ.மீ.யிலிருந்து தோள் அமிழ்ந்தது ஏறத்தாழ 3 செ.மீ. என்று இதிலிருந்து தெரிகிறது. உதவிக்கு ஆள் இல்லாதவர்கள், இதே போன்ற நார் மெத்தையாக இருந்தால், சுவர் அளவிலிருந்து 3 செ.மீ.யைக் கழித்துத் தொடங்கலாம். ஸ்பிரிங் அல்லது தடித்த ஃபோம் மெத்தைக்கு இன்னும் அதிகமாகக் கழிக்க வேண்டியிருக்கும்.

மல்லாந்த நிலைக்குப் பொட்டு உதவாது. நெற்றியும் மோவாயும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிசியோதெரபி நிபுணர் சொல்லியிருந்ததால், கொத்தனார்கள் வைத்திருக்கும் சிறிய ரசமட்டத்தை நெற்றிக்கும் மோவாய்க்கும் குறுக்கே மெதுவாக வைத்துப் பார்த்தோம். தலைக்கு அடியில் 5 செ.மீ. துண்டு இருந்தபோது குமிழி நடுவில் நின்றது. கழுத்தின் உட்குழிவு மட்டும் வெறுமையாக இருந்தது. சுருட்டிய துண்டு ஒன்றை அங்கே 7 செ.மீ. உயரத்துக்குக் கொடுத்தபோது கழுத்துத் தசைகள் தளர்ந்ததை உடனே உணர முடிந்தது.

ஆக, ஒரே ஆளுக்கு ஒருக்களித்தால் 12 செ.மீ., மல்லாந்தால் 5 செ.மீ. தேவைப்படுகிறது. இரவில் புரளாமல் படுப்பவர் யாரும் இல்லை. சீரான உயரமுள்ள எந்தத் தலையணையும், எவ்வளவு விலை கொடுத்தாலும், இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். குப்புறப் படுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அந்த நிலையில் கழுத்து இரவெல்லாம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருப்பதால் தலையணையைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் வழி.

துண்டு அடுக்கைப் போர்வையில் சுற்றிக் கட்டி அதிலேயே சில இரவுகள் படுத்துப் பார்த்தேன். கழுத்து இளகியது, ஆனால் துண்டின் இறுக்கத்தில் காது மடல் நசுங்கி வலித்தது. உயரம் சரி, மென்மை போதாது. இனித் தேடவேண்டியது அந்த உயரத்தைத் தாங்கும் மென்மையான பொருள்.

நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் லேடெக்ஸ் தலையணையில் படுத்துப் பார்த்திருக்கிறேன். ரப்பர் பாலில் வார்த்தது. தலை வைத்தால் அதிகம் அமுங்காது, வெயில் காலத்திலும் இளகுவதில்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒருவருடைய அளவும் கடையில் கிடைக்கும் உயரமும் ஒத்துப்போனால் அதைவிடச் சிறந்ததை நான் சொல்ல மாட்டேன். ஒத்துப்போகாவிட்டால் அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. செயற்கை இழைத் தலையணை வாங்கிய புதிதில் உப்பலாக இருந்து விரைவில் தட்டையாகிவிடுவதை வீட்டிலேயே பார்த்திருந்ததால் அதை விட்டுவிட்டேன். இலவம் பஞ்சை எடுக்கலாம், சேர்க்கலாம், வெயிலில் போடலாம், கலைத்து மீண்டும் அடைக்கலாம். தைப்பதற்கு அதுவே சரி என்று தோன்றியது.

இலவங்காய் கோடையில் முற்றி வெடிக்கும். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் வட்டாரம் இந்தப் பஞ்சு வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. மதுரை மெத்தைக் கடைகளிலும் போடிப் பஞ்சு என்று கேட்டே வாங்குகிறார்கள். விதை நீக்கிய பஞ்சு கிலோ 280 ரூபாய் என்று ஒன்றேகால் கிலோ வாங்கினேன், 350 ரூபாய். பருத்திக் கழிவும் செயற்கை இழையும் கலப்பது இந்தத் தொழிலில் உண்டு என்பதால், கடைக்காரரிடமே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு கொத்துப் பஞ்சை அதில் போட்டு விரலால் அமுக்கிப் பார்த்தேன். இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறுமையான குழாய், மேலே மெழுகுப் படலம்; தண்ணீர் ஏறாமல் மீண்டும் மீண்டும் மேலே வந்து மிதக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாலுமிகளின் மிதவை அங்கிகளுக்குள் இதை அடைத்ததும் இந்தக் குணத்தால்தான். பருத்தி கலந்திருந்தால் அந்தப் பகுதி நனைந்து கனத்துக் கீழே போகும். விரல்களுக்கிடையில் தேய்த்தாலும் தெரியும்: நல்ல இலவம் பஞ்சு வழுக்கும், மினுமினுக்கும், நூலாகத் திரிக்க வராது. சில செயற்கை இழைகளும் மிதக்கக்கூடும் என்பதால் இந்தத் தேய்த்துப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

துணி விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. காடாத் துணியின் நெசவு இளகல். இலவம் பஞ்சு அதன் வழியே நுண்ணிய தூசாக வெளியே வந்து மூக்கில் ஏறும். மெத்தைக்குப் போடும் கோடு போட்ட அடர்ந்த நெசவுத் துணிதான் வேண்டும். 90 செ.மீ. அகலத்தில் ஒன்றரை மீட்டர், 180 ரூபாய். இதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நனைத்தபோது நீளத்தில் 5 செ.மீ. அளவுக்குச் சுருங்கியது.

முதலில் தைத்தது வழக்கமான தலையணை வடிவம்தான்: இரண்டு துண்டுத் துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து, நடுவில் இரண்டு தையல் ஓட்டி மூன்று அறைகளாகப் பிரித்தது. அது பயன்படவில்லை. ஓர அறைகளில் 12 செ.மீ. வரும்வரை அடைத்தால் அவை உருளைகளாகிவிட்டன. தலை அவற்றின் மேல் நிற்காமல் ஒரு பக்கம் சரிந்தது. பிரித்த தையலுக்கு நேரே தலை வந்தால் அங்கே பஞ்சே இல்லாத பள்ளம். உயரம் வேண்டுமென்றால் மெத்தைக்கு வைப்பதைப் போல் பக்கவாட்டில் பட்டை கொடுத்துத் தைக்க வேண்டும் என்று எங்கள் தெருக்கோடியில் மெத்தை தைக்கும் பெரியவர் சொன்னார். அறைகளுக்கு இடையேயும் தையலுக்குப் பதிலாக உள்பட்டை நிறுத்தினால் பள்ளம் விழாது என்பதும் அவர் சொன்னதுதான்.

இரண்டாவதாக வெட்டிய அளவுகள் இவை, தையலுக்கு விடும் ஓரமும் சேர்த்து. மேல், கீழ்த் துணி 72க்கு 44 செ.மீ.; சுற்றுப்பட்டை 12 செ.மீ. அகலத்தில் மூன்று கீற்றுகள், ஒட்டினால் 224 செ.மீ. நீளம் தேவை, உள்பட்டை 14க்கு 44 செ.மீ.யில் இரண்டு. துணியின் அகலத்தில் மேலும் கீழும் அருகருகே அடங்கிவிடுவதால் ஒன்றரை மீட்டர் தாராளமாகப் போதும். ஓர அறைகள் 22 செ.மீ. அகலம், நடு அறை 24 செ.மீ. ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஜிப், 20 ரூபாய் வீதம் 60 ரூபாய். தையல்காரர் கூலி 150. ஜிப் வைப்பது தேவையற்ற ஆடம்பரம் என்று மெத்தைக்காரப் பெரியவர் நினைத்தார். “கொஞ்சம் கூடுதலா அடைச்சிருங்க தம்பி, பஞ்சு எப்படியும் உட்கார்ந்துடும்” என்றார். எவ்வளவு உட்காரும் என்று கேட்டேன். “அது அவங்கவங்க தலைக்கனத்தைப் பொறுத்தது” என்றார். அந்தப் பதிலினாலேயே ஜிப் வைத்தேன். கூட்டிக் குறைக்கும் வழி இல்லாவிட்டால் இவ்வளவு அளந்ததற்குப் பொருளில்லை.

பஞ்சு அடைப்பதை மின்விசிறி ஓடாத, காற்று வராத அறையில் செய்ய வேண்டும். மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம். இலவம் பஞ்சு எளிதில் தீப்பற்றும்; விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. மூட்டையிலிருந்து எடுத்ததை அப்படியே திணிக்காமல், ஒவ்வொரு பிடியாக இரண்டு கையாலும் பிய்த்து உதறிப் பரத்தி, மிஞ்சியிருக்கும் கறுப்பு விதைகளைப் பொறுக்கி எறிந்தேன். மிளகு அளவில் இருக்கும் அந்த விதையில் எண்ணெய் உண்டு. உள்ளே விட்டால் பூச்சியும் எலியும் தேடி வரும், காதுக்கு அடியில் உறுத்தவும் செய்யும். மூலைகளை முதலில் நிரப்பி, பிறகு ஓரங்களை, கடைசியில் நடுவை நிரப்பினால் கட்டி விழுவதில்லை. ஒவ்வொரு 50 கிராமையும் தராசில் நிறுத்து அடைத்து, தூக்கை வைத்து அளந்துகொண்டே போனேன். ஓர அறை ஒன்றுக்கு 400 கிராம் பிடித்தபோது 12.4 செ.மீ. வந்தது. நடு அறைக்கு 170 கிராம், 5.2 செ.மீ.

நடு அறையில் இன்னொரு சிக்கல் இருந்தது. சுற்றுப்பட்டை எல்லா இடத்திலும் ஒரே உயரம் என்பதால், பஞ்சு குறைவாக உள்ள நடுவில் துணி தொளதொளவென்று நின்று, தலையை வைத்தவுடன் பஞ்சு நாலாபுறமும் ஒதுங்கியது. இதற்கும் மெத்தைக்காரரின் வழியே உதவியது. கோணி ஊசியில் கெட்டியான சணல் நூலைக் கோத்து, மேலிருந்து கீழாகக் குத்தி இழுத்து, இரண்டு பக்கமும் சிறு துணித் துணுக்கு வைத்து, மேலுக்கும் கீழுக்கும் 5 செ.மீ. இடைவெளி இருக்கும்படி முடிச்சுப் போட்டார். நடு அறையின் மேல் பாதியில் இப்படி மூன்று முடிச்சுகள். தலை படும் இடம் முடிச்சுகளுக்கு நடுவில் வருமாறு அமைத்ததால் உறுத்தல் இல்லை. கழுத்துப் பக்கமுள்ள கீழ்ப்பாதியில் முடிச்சு போடாமல், 8 செ.மீ. விட்டத்தில் 24 செ.மீ. நீளத்துக்கு ஒரு சிறு பஞ்சு உருளையைத் தனியாகத் தைத்து ஜிப் வழியே உள்ளே வைத்தேன். பாரம் ஏறினால் அது 7 செ.மீ.யில் நிற்கிறது. தலையணைக்குள் மிகவும் பயன்படும் ஒரே பகுதியைச் சொல்லச் சொன்னால் இந்த உருளையைத்தான் சொல்வேன். வேறு எதையும் தைக்க முடியாதவர்கள், இருக்கும் தலையணை உறைக்குள் கீழ் விளிம்போரம் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தாலே மல்லாந்து படுக்கும்போது வித்தியாசம் தெரியும்.

பயன்படுத்தத் தொடங்கிய சில வாரங்களில் பெரியவர் சொன்னபடி பஞ்சு உட்கார்ந்தது. அதிகம் படுக்கும் வலது ஓரம் 10.8 செ.மீ.க்கு இறங்கியது, இடது ஓரம் 11.6 செ.மீ. வலது ஓரத்தில் 60 கிராமும் இடது ஓரத்தில் 30 கிராமும் சேர்த்தேன். அதன் பிறகு இறக்கம் மிக மெதுவாகத்தான் நடக்கிறது. ஈரப்பதமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பஞ்சு சற்றுக் கனத்து அமுங்குகிறது. வெயில் வந்த நாளில் மொட்டை மாடியில் பாய் விரித்து இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, மாலையில் கையால் தட்டி எடுத்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கிறது. இப்படி வெயிலில் போடும் வசதி ஃபோமுக்கும் லேடெக்ஸுக்கும் கிடையாது, நேர்வெயிலில் அவை நைந்துபோகும். பஞ்சை நனைத்துத் துவைக்க முடியாததால் மேலுறையைத் தவிர உள்ளே ஒரு மெல்லிய உறையும் போட்டு, வியர்வை பஞ்சுவரை போகாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆஸ்துமா அல்லது தூசி ஒவ்வாமை உள்ள வீட்டில் இலவம் பஞ்சைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு, அளவு பொருந்தும் லேடெக்ஸ் நல்லது.

படுக்கும் முறையிலும் ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தோள் மெத்தையில் இருக்க வேண்டும்; தலையணையின் விளிம்பு தோளைத் தொட்டு நிற்க வேண்டும். தோளையும் சேர்த்துத் தலையணையில் ஏற்றிப் படுத்தால் மேலே சொன்ன அளவுகள் அனைத்தும் வீணாகிவிடும். ஒருக்களிக்கும்போது முழங்கால்களுக்கு இடையில் பழைய பருத்தித் தலையணையை வைத்துக்கொள்கிறேன்; இடுப்பு முன்பக்கம் சரியாமல் இருப்பதால் முதுகும் கழுத்தும் முறுக்கிக்கொள்வதில்லை.

பலனை எப்படி அளந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி குறைந்ததா என்று மனத்தைக் கேட்டால் அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லும். எழுந்தவுடன் ஒரே நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, தோளை அசைக்காமல் தலையை மட்டும் வலப்புறம் திருப்பி, கண்ணுக்குத் தெரியும் கடைசிப் பொருளைக் குறித்துக்கொள்வேன். முன்பு ஜன்னல் சட்டத்தின் அருகு விளிம்போடு பார்வை நின்றுவிடும். இப்போது ஜன்னலைத் தாண்டி, சுவரலமாரியின் கைப்பிடிவரை தெரிகிறது. தோள்பட்டைக் குத்தல், மெய்ப்பு வேலை அதிகமாக இருக்கும் வாரங்களில் மாலையில் வருகிறது, காலையில் வருவதில்லை. பயிற்சிகளை நான் விடாமல் செய்துவருவதும், தாளைச் சாய்வு மேசையில் வைத்துப் படிக்கத் தொடங்கியதும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. தலையணைக்கு மட்டும் முழுப் பெருமையையும் தர முடியாது. ஆனாலும் வெளியூர்ப் பயணத்தில் விடுதித் தலையணையில் படுத்த மறுநாள் காலை பார்வை மீண்டும் ஜன்னல் சட்டத்தளவுக்கே நின்றுவிடுகிறது.

பஞ்சு 350, துணி 180, ஜிப் 60, தையல் 150, ஆக 740 ரூபாய். பெரியவர் கோணி ஊசி வேலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வாங்கிய ஒன்றேகால் கிலோவில் அறைகளுக்கும் உருளைக்கும், பின்னால் சேர்த்ததற்கும் போக, கொஞ்சம் கையிருப்பில் உள்ளது.

அடுத்ததை என் மனைவிக்காகத் தைக்கப் போகிறேன். அவருடைய சுவர் அளவு 12 செ.மீ. மட்டுமே, துண்டு அடுக்கில் பொட்டுகள் நேரானது 9.2 செ.மீ.யில். இத்தனை காலம் இருவரும் ஒரே மாதிரித் தலையணையில் படுத்திருந்தோம். இந்த முறை சுற்றுப்பட்டையை 9 செ.மீ.யாகக் குறைத்து, நடு அறையின் பக்கத்தில் மட்டும் அதை முதலிலேயே 5 செ.மீ.க்குச் சரித்து வெட்டுவேன். அப்படிச் செய்தால் கோணி ஊசி முடிச்சுகள் தேவைப்படாது. ஜிப்புகளைக் கழுத்துப் பக்க நீள விளிம்பில் வைத்திருந்தது தோளில் உராய்கிறது, அவற்றை எதிர் விளிம்புக்கு மாற்ற வேண்டும். தலையணையின் கழுத்துப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம்வரை உள்ள தூரத்தை 40 செ.மீ.யிலிருந்து 36 ஆகக் குறைத்தால் தோள் அதன் மேல் ஏறுவதும் குறையும். ஓர அறைக்கு 280 கிராமில் தொடங்கி, தூக்கை வைத்து அளந்தபடி கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.